மலா திர்ஞா: ஸ்லோவாக்கியாவின் தொக்காய் ஒயின் ஊரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொக்காய் என்பது ஹங்கேரி, ஸ்லோவாக்கியா எல்லையின் இரு பக்கமும் பரவிய ஒயின் பகுதி; கொடியிலேயே சுருங்கிய திராட்சையில் செய்யும் இனிப்பு ஒயினுக்குப் பேர்போனது, ஒயினுக்கும் அதே பெயர்தான். அந்தப் பகுதியிலுள்ள மலா திர்ஞா பற்றியும் அதன் ஒயின் பற்றியும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால். ஓரிடத்தில் விளக்கியதை மறுபடி விளக்காமல் அந்தப் பதிலையே சுட்டியிருக்கிறோம்.

மலா திர்ஞா எங்க இருக்கு? பெரிய ஊரா?

ஸ்லோவாக்கியாவின் தென்கிழக்கு மூலையில், கோஷித்சே மாநிலத்தின் திரெபிஷோவ் மாவட்டத்தில் இருக்கிறது. ஹங்கேரி எல்லை கூப்பிடு தூரம்தான். செம்ப்ளீன் குன்றுகளின் அடிவாரத்தில், தெற்கு பார்த்த சரிவுகளை ஒட்டி அமைந்த ஊர். சில நூறு பேர்தான் வசிக்கிறார்கள். வீடுகளுக்குப் பின்னால் திராட்சைத் தோட்டம், தோட்டத்துக்குக் கீழே எரிமலைச் சாம்பற்பாறையைக் குடைந்த நிலவறைகள். ஊரின் முக்கால்வாசி வாழ்க்கை தரைக்குக் கீழேதான் நடக்கிறது என்று சொன்னாலும் தவறில்லை.

பக்கத்திலேயே வெல்கா திர்ஞா என்ற இன்னொரு ஊர் உண்டு. ‘மலா’ என்றால் சின்ன, ‘வெல்கா’ என்றால் பெரிய. இரண்டிலும் ஒயின் உண்டு என்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வழி கேட்கும்போது முழுப் பெயரையும் சொல்லுங்கள்.

தொக்காய்னா ஹங்கேரி ஒயின்தானே? ஸ்லோவாக்கியா எப்படி உள்ள வந்துச்சு?

ஒயின் இடம் மாறவில்லை, எல்லைதான் மாறியது. முதல் உலகப் போர் வரை இந்தப் பகுதி முழுவதும் ஹங்கேரி அரசின் செம்ப்ளீன் மாவட்டமாக இருந்தது. 1920 ஜூன் 4 அன்று கையெழுத்தான திரியானோன் ஒப்பந்தம், ரொஞாவா என்ற சிற்றோடையை ஒட்டிக் கோடு போட்டது. ஷாத்தொரால்யாவுய்ஹேய் நகரம் இரண்டானது: நகரம் ஹங்கேரியில் நின்றது, அதன் ரயில் நிலையப் பக்கம் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு வந்து ஸ்லோவென்ஸ்கே நோவே மெஸ்தோ ஆனது. திராட்சைப் பகுதியும் அதே கோட்டில் பிளந்தது. பெரும்பகுதி தெற்கே, சிறு துண்டு வடக்கே.

இதில் மலா திர்ஞாவுக்கு ஒரு தனி இடம் உண்டு. எல்லை பிரிவதற்கு முன்பே, 1908ஆம் ஆண்டு ஹங்கேரியச் சட்டம் தொக்காய் ஊர்களைப் பட்டியலிட்டபோது கிஷ்தொரொன்யா என்ற ஹங்கேரியப் பெயரில் இந்த ஊரும் அதில் இருந்தது. வினிச்கி என்ற ஊரும் அப்படித்தான். எனவே யார் கணக்குப்படி எண்ணினாலும் மலா திர்ஞா தொக்காய் ஊர்தான். இந்த ஒரு தகவலை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதி வாதங்கள் தாமாகவே தெளிவாகும்.

ஸ்லோவாக்கியப் பக்கத்துல மொத்தம் எத்தனை ஊர்?

ஏழு: பரா, செர்ஹோவ், செர்னோஹோவ், மலா திர்ஞா, ஸ்லோவென்ஸ்கே நோவே மெஸ்தோ, வெல்கா திர்ஞா, வினிச்கி. சட்டம் வரையறுத்த நிலம் சுமார் 908 ஹெக்டேர். அவ்வளவிலும் கொடி நிற்கவில்லை. பல சரிவுகள் புதர் மண்டிக் கிடக்கின்றன (காரணம் கூட்டுப்பண்ணை பற்றிய கேள்வியில்). ஹங்கேரிப் பக்கத்தில் 27 ஊர்கள், அங்கே பரப்பு பல மடங்கு.

இந்த ஒயினைக் கண்டுபிடிச்சது யாரு? ஒரு பாதிரியார்னு சொல்றாங்களே?

செப்ஷி லாட்ஸ்கோ மாதே என்ற சீர்திருத்த சபைப் போதகர், போர் அச்சத்தால் அறுவடையைத் தள்ளிப்போட, திராட்சை கொடியிலேயே சுருங்கிவிட, 1630 வாக்கில் முதல் இனிப்பு ஒயின் பிறந்தது என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கதை. கேட்க நன்றாக இருக்கிறது, காலம்தான் ஒத்துவரவில்லை. சுருங்கிய திராட்சையில் செய்த ஒயினைக் குறிக்கும் சொல் 1571ஆம் ஆண்டுச் சொத்து ஆவணம் ஒன்றிலேயே இருக்கிறது. ஒருவர் கண்டுபிடித்தது என்பதைவிட, ஈரமான இலையுதிர் காலங்களில் பல கைகள் கற்றுக்கொண்டது என்பதே நம்பத்தக்கது.

18ஆம் நூற்றாண்டில் பெரிய வாடிக்கையாளர் போலந்து. ரஷ்ய அரசவை 1733 முதல் 1798 வரை ஒயின் வாங்கவென்றே தொக்காய் நகரில் ஒரு கொள்முதல் குழுவை வைத்திருந்தது. 1737இல் அரச ஆணை ஒன்று தொக்காய்ப் பகுதியின் எல்லையை வரையறுத்தது. போலந்தை அண்டை அரசுகள் பங்குபோட்டபோது சுங்கவரி ஏறி வணிகம் நொடித்தது. அதற்கும் மேலான அடி 1880களில் ஃபிலொக்ஸெரா என்ற வேர்ப்பூச்சியால் விழுந்தது. கொடிகள் பெரும்பாலும் அழிந்தன. இன்று நிற்பவை எல்லாம் அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டி மறுபடி நட்டவற்றின் வழிவந்தவை.

எந்தத் திராட்சை? எது வேணா போடலாமா?

முக்கியமானவை மூன்று வெள்ளை ரகங்கள். ஃபுர்மின்ட் தாமதமாகப் பழுக்கும், தோல் மெலிது, புளிப்பு அதிகம், முதுகெலும்பு இதுதான். லிபோவினாவை ஹங்கேரியர் ஹார்ஷ்லெவெலூ என்பார்கள். நீண்ட, தளர்ந்த கொத்து, பூவும் தேனும் கலந்த வாசனை. மஞ்சள் மஸ்கட் கொஞ்சமாகச் சேரும். வாசனை கொடுக்கும், ஆனால் ஈரத்தில் சீக்கிரம் கெடும். ஜெட்டா என்ற கலப்பு ரகத்துக்கும் அனுமதி உண்டு. வேறு ரகம் நட்டால் அந்த ஒயின் தொக்காய் என்ற பெயரில் போகாது.

அழுகின திராட்சையிலயா ஒயின் செய்றாங்க? உடம்புக்கு ஒண்ணும் ஆகாதா?

பொட்ரைட்டிஸ் சினேரியா என்ற பூஞ்சைதான் வேலை செய்கிறது. அது தோலில் நுண்துளை போடும். அதன் வழியே நீர் ஆவியாக, சர்க்கரையும் அமிலமும் செறிந்து பழம் உலர்திராட்சை போலச் சுருங்கும். அந்தச் சுருங்கிய பழத்துக்கு அங்கே சிபேபா என்று பெயர். பூஞ்சை கிளிசராலை உண்டாக்கும், டார்டாரிக் அமிலத்தில் ஒரு பகுதியைத் தின்னும். ஒயினின் வழவழப்பும் தேன், வாதுமைப்பழ வாசனையும் இந்த மாற்றங்களோடு சேர்ந்து வருபவை. உடம்புக்கு இந்தப் பூஞ்சையால் கெடுதல் இல்லை.

ஆனால் இது நடக்கக் காலை ஈரமும் மதிய வெயிலும் இரண்டும் வேண்டும். போட்ரோக் ஆற்றுச் சமவெளியிலிருந்து இலையுதிர் காலத்தில் மூடுபனி எழும். பத்து, பதினோரு மணிக்கு அது விலகி வெயிலும் காற்றும் வந்தால் பழம் உலரும். மூடுபனி விலகாமல் மழை தொடர்ந்தால் அதே பூஞ்சை சாம்பல் அழுகலாகி முழுக் கொத்தையும் நாசமாக்கும். கூடவே பச்சைப் பூஞ்சையும் காடி நுண்ணுயிர்களும் ஏறும். பழத்தைப் பிட்டு மோந்தால் தேன் வாசனை வந்தால் எடுக்கலாம், காடி நெடி வந்தால் தரையில் போட வேண்டியதுதான். சில ஆண்டுகளில் சிபேபா கிடைக்காமல் போவதற்கும் விலை கூடுவதற்கும் காரணம் இதுவே.

அறுவடை எப்ப?

மரபுப்படி சீமோன், யூதா திருநாளான அக்டோபர் 28ஐ ஒட்டித் தொடங்கி நவம்பர் வரை போகும். சிபேபாவை ஒவ்வொரு பழமாகக் கையால் பறிக்க வேண்டும். ஒரே வரிசையில் பல முறை நடக்க வேண்டியிருக்கும். ஒருவர் ஒரு நாளில் பத்துக் கிலோ சேர்த்தால் நல்ல வேலை.

லேபிள்ல 3, 5, 6 ‘புத்ஞா’ன்னு போட்டிருக்கே, அது என்ன கணக்கு?

புத்ஞா என்பது முதுகில் சுமக்கும் மரக் கூடை. அதில் ஏறக்குறைய 25 முதல் 28 கிலோ சிபேபா பிடிக்கும். கோன்ட்ஸ் என்ற 136 லிட்டர் பீப்பாய் அளவு சாறுக்கு அல்லது ஒயினுக்கு எத்தனை கூடை சேர்த்தார்கள் என்பதே அந்த எண். 5 புத்ஞா என்றால் 125 முதல் 140 கிலோ. மேலே சொன்ன பத்துக் கிலோவை வைத்துப் பாருங்கள்: ஒரு சிறு பீப்பாய்க்கு ஒருவரின் இரண்டு வார உழைப்பு.

இப்போது கூடையை யாரும் எண்ணுவதில்லை. ஆய்வுக்கூட அளவுதான் தீர்மானிக்கிறது. இயற்கைச் சர்க்கரை லிட்டருக்குக் குறைந்தது 60 கிராம் இருந்தால் 3 புத்ஞா, 90 என்றால் 4, 120 என்றால் 5, 150 என்றால் 6. 180ஐத் தாண்டினால் வீபெரோவா எசென்சியா என்று பெயர் (பின்னால் வரும் வெறும் எசென்சியா வேறு). வெளியிலிருந்து சர்க்கரை சேர்க்கக் கூடாது.

வீபெர் எப்படித்தான் செய்றாங்க? படிப்படியா சொல்லுங்க. எங்க தப்பு நடக்கும்?

புத்ஞா எண் போட்டு வரும் இனிப்பு ஒயினுக்குத்தான் தொக்காய்ஸ்கி வீபெர் என்று பெயர். முதலில் சிபேபாவைத் தனியாகக் குவித்து வைக்கிறார்கள். பிறகு அதைப் பசைபோல நசுக்க வேண்டும். அந்தக் காலத்தில் காலால் மிதித்தார்கள். இங்கே கவனிக்க வேண்டியது விதை. விதை உடைந்தால் கசப்பு இறங்கிவிடும், பிறகு எத்தனை ஆண்டு பீப்பாயில் கிடந்தாலும் அது போகாது.

அந்தப் பசைமேல் அதே ஆண்டுச் சாறு அல்லது இளம் ஒயினை ஊற்றி ஊற வைக்கிறார்கள். ஊற்றும் சாறும் இளைத்ததாக இருக்கக் கூடாது. ஸ்லோவாக்கிய அளவுகோலில் குறைந்தது 21 பாகை, அதாவது 100 லிட்டரில் 21 கிலோ சர்க்கரை வேண்டும். ஊறும் நேரம் 12 முதல் 48 மணி. இடையிடையே கிளற வேண்டும், இல்லையென்றால் மேலே மிதக்கும் தோல் காய்ந்து காடியாகும். குறைவாக ஊறினால் உலர்ந்த பழத்திலுள்ள சர்க்கரை முழுவதும் வெளிவராது. மிகையாக ஊறினால் துவர்ப்பும் ஆவியமிலமும் ஏறும். சாறு ஊற்றினால் பழச்சுவை தூக்கலாக இருக்கும். ஒயின் ஊற்றினால் அதிலுள்ள ஆல்கஹால் தோலின் வாசனையை நன்றாக இழுக்கும்.

பிறகு மெதுவாகப் பிழிந்து பீப்பாய்க்கு அனுப்புகிறார்கள். சர்க்கரை அதிகம், நிலவறை குளிர்ச்சி. ஈஸ்ட் திணறித்தான் வேலை செய்யும், வாரக்கணக்கில் மாதக்கணக்கில் நொதிக்கும். பெரும்பாலான தவறுகள் இந்தக் கட்டத்தில்தான் நடக்கின்றன. செறிந்த சர்க்கரையில் திணறும் ஈஸ்ட் தானே அசிட்டிக் அமிலத்தை உண்டாக்கும்; நொதித்தல் பாதியில் நின்றுவிட்டால் பிற நுண்ணுயிர்களுக்குக் கதவு திறந்த மாதிரி. நின்றதைக் கவனிக்காமல் சீசாவில் அடைத்தால் வசந்தத்தில் மறுபடி நொதித்து மூடி தெறிக்கும். ஸ்லோவாக்கிய விதிப்படி வீபெர் குறைந்தது மூன்று ஆண்டு முதிர வேண்டும், அதில் இரண்டு ஆண்டு மரப் பீப்பாயில்.

சமோரொட்னே, ஃபோர்டிட்டாஷ், மாஷ்லாஷ்... இதெல்லாம் மட்ட ரகமா?

மட்டம் என்று ஒதுக்க வேண்டாம். சமோரொட்னே என்பது சிபேபாவைத் தனியே பொறுக்காமல் கொத்து கிடைத்தபடியே பிழிந்தது. சுருங்கிய பழம் நிறைய இருந்தால் இனிப்பாக வரும், குறைவென்றால் சர்க்கரை முழுவதும் நொதித்து உலர் வகை. உலர் சமோரொட்னேயை மரபாகப் பீப்பாயை நிரப்பாமல், மேலே ஈஸ்ட் ஆடை படர விட்டு முதிர்ப்பார்கள். வாதுமை, அக்ரூட் வாசனை அதில் வரும். எங்கள் கருத்தில் இந்த ஊரின் குணத்தை அறிய முதலில் குடிக்க வேண்டியது இதுதான், இனிப்பு வீபெர் அதற்கப்புறம்.

வீபெருக்குப் பிழிந்த சக்கையில் இன்னும் சர்க்கரை மிச்சமிருக்கும். அதன்மேல் மறுபடி சாறு ஊற்றி எடுத்தால் ஃபோர்டிட்டாஷ். பீப்பாய் அடியில் தங்கும் வண்டல்மேல் ஊற்றி எடுத்தால் மாஷ்லாஷ். எதையும் வீணாக்காத குடியானவர் கணக்கு.

எசென்சியாங்கிறது மருந்தா?

சிபேபாவைத் தொட்டியில் குவித்து வைத்தால், எந்த அழுத்தமும் இல்லாமல் தன் எடையாலேயே அடியில் ஒரு பாகு கசியும். அதுதான் எசென்சியா. லிட்டருக்குக் குறைந்தது 450 கிராம் சர்க்கரை. ஈஸ்ட்டுக்கு அது கிட்டத்தட்டப் பாலைவனம். ஆண்டுக்கணக்கில் நொதித்தும் ஆல்கஹால் பெரும்பாலும் 2 முதல் 4 சதவீதத்தைத் தாண்டாது. முன்னாளில் மருந்துக்கடைகளில் விற்றதும் உண்மை. இன்று அதை மருந்தாக நம்ப வேண்டாம், சர்க்கரை நோய் உள்ளவர்கள் தொடவே வேண்டாம்.

நிலவறைச் சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சை. சுத்தமே பண்ணமாட்டாங்களா?

பண்ணக் கூடாது. அது ஸாஸ்மிடியம் செல்லாரே என்ற நிலவறைப் பூஞ்சை. பீப்பாயிலிருந்து ஆவியாகும் ஆல்கஹாலையும் பிற ஆவிப்பொருள்களையும் தின்று வாழ்கிறது, ஈரத்தைச் சமன்செய்ய உதவுகிறது. தொட்டால் கம்பளி மாதிரி இருக்கும். திராட்சையில் வரும் பொட்ரைட்டிஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இரண்டையும் ஒன்றென நினைப்பது வழக்கமான தவறு.

சாம்பற்பாறை வெட்ட எளிது, இடியாமல் நிற்கும். உள்ளே ஆண்டு முழுவதும் 10 முதல் 12 பாகை செல்சியஸ். ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல். ஈரம் அதிகமான அறையில் நீரைவிட ஆல்கஹால் வேகமாக ஆவியாகும், உலர்ந்த அறையில் நேர்மாறாக நடக்கும். காற்றோட்டம் நல்லது என்று கதவைத் திறந்தே வைத்தால் பூஞ்சை காய்ந்து உதிரும், பீப்பாய்ப் பலகை சுருங்கும், ஒயின் ஒழுகும்.

அறுவடை சமயத்துல மெழுகுவத்தி ஏத்திட்டு உள்ள போறாங்களே, அது சடங்கா?

நொதிக்கும்போது வரும் கரியமில வாயுவைச் சோதிக்கத்தான். 21 பாகைச் சாறு ஒரு லிட்டர் முழுவதும் நொதித்தால் 50 லிட்டருக்கு மேல் வாயு வரும். ஒரு கோன்ட்ஸ் பீப்பாய்க்கு ஏறக்குறைய 7 கன மீட்டர். அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானதால் படிக்கட்டு அடியிலும் பள்ளத்திலும் தேங்கும்.

மெழுகுவத்தியை மட்டும் நம்புவது ஆபத்து. வாயு 5 சதவீதத்தில் மூச்சு வாங்கும், 10ஐத் தொட்டால் நினைவு தப்பும். சுடர் அதற்கு அப்புறம்கூட எரியலாம். சுடரை இடுப்புக்குக் கீழே பிடிக்க வேண்டும், மேலே ஒருவர் நிற்க வேண்டும், அளவுக்கருவி இருந்தால் அதுவே மேல். உள்ளே ஒருவர் விழுந்தால் தூக்க ஓடாதீர்கள். இரண்டாவது உயிர் போவது அப்படித்தான். விசிறியை ஓடவிட்டு, மீட்புப் படையைக் கூப்பிடுங்கள்.

ஹங்கேரித் தொக்காய் தங்க நிறத்துல இருக்கு, இங்க வாங்கினது பழுப்பா இருக்கு. கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் இல்லை. எல்லைக்கு வடக்கே பீப்பாயில் நீண்ட காலம், காற்றுப்படும்படி முதிர்க்கும் பழைய பாணி இன்னும் உயிரோடு இருக்கிறது. அதில் நிறம் ஆழ்ந்து அம்பர் ஆகும். கொட்டை, தேன், ரொட்டிப் பொறுக்கு வாசனை வரும். 1990களுக்குப் பிறகு ஹங்கேரியில் பலர் காற்றுப்படாமல் பழச்சுவையைக் காக்கும் பாணிக்குப் போனார்கள், மலா திர்ஞாவிலும் சிலர் அப்படிச் செய்கிறார்கள். காடி நெடியோ நெயில்பாலிஷ் நெடியோ அடித்தால்தான் கெட்டது. சீசா அடியில் கண்ணாடித் துகள் போல் தெரிவது டார்டாரிக் உப்புப் படிகம், கெடுதல் இல்லை.

3 புத்ஞா பாட்டில் இங்க கிடைக்குது, ஹங்கேரியில ஏன் கிடைக்கலை?

ஹங்கேரி 2013இல் விதியை மாற்றி, அசூ (வீபெருக்கு அங்கே வழங்கும் பெயர்) என்று விற்க லிட்டருக்குக் குறைந்தது 120 கிராம் சர்க்கரை என்றும், பீப்பாயில் 18 மாதம் போதும் என்றும் ஆக்கியது. பழைய 3, 4 புத்ஞா அதோடு போயின. ஸ்லோவாக்கியா பழைய ஏணியை வைத்துக்கொண்டது. ஒப்பிட்டு வாங்கும்போது 5ஐ 5உடன் ஒப்பிடுங்கள்.

கூட்டுப்பண்ணைக் காலத்துல எல்லாம் பாழாச்சுன்னு சொல்றாங்களே, உண்மையா?

முழுப் பாழ் என்று சொல்ல முடியாது, ஆனால் குணம் மாறியது. கம்யூனிஸ்ட் ஆட்சியில் சிறு துண்டு நிலங்கள் ஒன்றாக்கப்பட்டன. டிராக்டர் நுழைய வரிசைகள் அகலமாயின, செங்குத்தான சரிவுகள் கைவிடப்பட்டன, தரத்தைவிட டன் கணக்கு முக்கியமானது. பழம் பொறுக்கும் பொறுமைக்கு அங்கே இடமில்லை.

1989க்குப் பின் நிலம் திரும்பக் கிடைத்தது, சிக்கலும் சேர்ந்து வந்தது. ஸ்லோவாக்கியாவில் வாரிசுகள் எல்லோருக்கும் பங்கு பிரிந்துகொண்டே போகும்; ஒரு சிறு சரிவுக்குப் பல பத்துப் பேர் உரிமையாளர்கள், சிலர் எங்கே என்றே தெரியாது. அறியாத உரிமையாளரின் நிலத்தை அரசின் நில நிதியம் நிர்வகிக்கிறது. கொடி நட்டால் பலன் தர மூன்று நான்கு ஆண்டு, வீபெர் முதிர மேலும் மூன்று. ஏழு ஆண்டு வருமானமின்றிக் காத்திருக்க முடிந்தவர்களே நட்டார்கள். புதர் மண்டிய சரிவுகளுக்குக் காரணம் இதுதான்.

தொக்காய்ங்கிற பெயருக்காக நடந்த வழக்குல நீதிமன்றம் யாருக்குச் சாதகமா தீர்ப்பு சொன்னுச்சு?

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒயின் பதிவேட்டில் ஸ்லோவாக்கியப் பெயர் ‘வினோஹ்ரட்னீட்ஸ்கா ஒப்லாஸ்ச் தொக்காய்’ என்று பதிவானதை ஹங்கேரி எதிர்த்தது. வேறு சொல்வடிவம் வேண்டும் என்பது அதன் கோரிக்கை. 2012 நவம்பரில் பொது நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 2014 பிப்ரவரி 13 அன்று ஒன்றிய நீதிமன்றம் மேல்முறையீட்டையும் தள்ளியது.

இதை ஸ்லோவாக்கியாவின் வெற்றி என்று கொண்டாடுபவர்கள் தீர்ப்பைப் பாதிதான் படித்திருக்கிறார்கள். பதிவேட்டில் இருப்பது தகவல் மட்டுமே, அதனால் தனியாகச் சட்ட விளைவு இல்லை, எனவே அதை எதிர்த்து வழக்குப் போட முடியாது என்றுதான் நீதிமன்றம் சொன்னது. யார் ஒயின் உண்மையான தொக்காய் என்பதை அது தீர்மானிக்கவில்லை. இத்தாலியின் தொக்காய் ஃப்ரியுலானோவும் பிரான்சின் அல்சாஸ் தொக்காயும் 2007 மார்ச் இறுதியோடு பெயரை இழந்தது வேறு விவகாரம். அவை வேறு திராட்சை, வேறு மண். மலா திர்ஞா அந்த வரிசையில் வராது, காரணம் இரண்டாவது கேள்வியில் உள்ள 1908 பட்டியல்.

யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னத்துல மலா திர்ஞா இருக்கா?

இல்லை. 2002இல் பதிவானது ஹங்கேரிப் பக்கம் மட்டும். ஸ்லோவாக்கியத் தொக்காய் நிலவறைகள் அந்நாட்டின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. எல்லைக்கோட்டில் முடிந்துபோகும் நிலவியலோ மூடுபனியோ கிடையாது; இரண்டையும் சேர்த்துப் பதிவதே நியாயம் என்று நாங்கள் உறுதியாக நினைக்கிறோம்.

போய்ப் பார்க்கணும்னா என்ன செய்யணும்?

கோஷித்சேயிலிருந்து ஸ்லோவென்ஸ்கே நோவே மெஸ்தோ வரை ரயில் உண்டு. அங்கிருந்து பேருந்தோ டாக்சியோ. நிலவறைகள் பெரும்பாலும் குடும்பங்கள் நடத்துபவை, முன்கூட்டிச் சொல்லாமல் போனால் கதவு பூட்டியிருக்கும். அக்டோபர் கடைசியில் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மே, ஜூன், செப்டம்பர் நல்லது. ஆகஸ்ட் வெயிலிலும் ஸ்வெட்டர் கொண்டு போங்கள், படிகள் ஈரமாக இருக்கும், வழுக்காத செருப்பு அவசியம். ஊருக்கு மேலே திராட்சைச் சரிவில் பீப்பாய் வடிவில் மரக் கோபுரம் ஒன்று நிற்கிறது. அதன்மேல் ஏறினால் எல்லையின் இரு பக்கமும் தெரியும். வண்டி ஓட்டுபவர் ஒரு மடக்குக்கூடக் குடிக்கக் கூடாது: ஸ்லோவாக்கியாவில் அனுமதிக்கப்பட்ட அளவு பூஜ்யம்.

வாங்கி வந்த பாட்டிலைத் திறந்தா எத்தனை நாள் தாங்கும்?

வீபெர் அரை லிட்டர் சீசாவில் வரும். மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் சில வாரம் தாங்கும். சர்க்கரையும் அமிலமும் காப்பாற்றும். உலர் சமோரொட்னே ஏற்கெனவே காற்றில் முதிர்ந்தது என்பதால் அதுவும் சீக்கிரம் கெடாது. சாதாரண உலர் ஃபுர்மின்ட் மூன்று நாளில் சுவை இழக்கும். பரிமாறும்போது 10 முதல் 12 பாகை, அதாவது நிலவறையின் குளிர்ச்சியே. ஐஸ் போடாதீர்கள், வாசனை அடங்கிவிடும். வீபெருடன் நீலப் பூஞ்சைப் பாலாடைக்கட்டியின் உப்பு நன்றாகச் சேரும். கேக் போன்ற அதிக இனிப்போடு கொடுத்தால் ஒயின் புளித்த மாதிரித் தெரியும்.